வரிசை தப்பினால் விசா வராது
(தத்தெடுப்பு: வாசகர் கேள்வி – பதில்)

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்தியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுப்பது பற்றிய கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கேள்வி: நானும் மனைவியும் அமெரிக்கக் குடிமக்கள், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருக்கிறது. எனக்கு 44, அவளுக்கு 42. ஆறு வயதில் ஒரு மகன். இரண்டு வயதுக்குள் ஒரு பெண் குழந்தை வேண்டும் என்று ஜெபித்து முடிவெடுத்திருக்கிறோம். எங்கே தொடங்குவது? – வாசகர், டல்லாஸ்

பதில்: கூட்டல் கணக்கில் தொடங்குங்கள். 44-ம் 42-ம் 86. இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியின் மொத்த வயது 85-ஐத் தாண்டக்கூடாது என்கிறது 2022-ஆம் ஆண்டு தத்து ஒழுங்குமுறை. ஒரே ஒரு வயது கூடியதால் அந்தக் கதவு மூடிவிட்டது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தை என்றால் 90 வரை போகலாம். பதிவு செய்யும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. அதனால் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள். ஒரு பிள்ளை இருப்பது தடையில்லை. இரண்டு இருந்திருந்தால், உறவுக் குழந்தை தவிர, சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கோ எளிதில் இடம் கிடைக்காத குழந்தைக்கோதான் உங்களைப் பரிசீலிப்பார்கள்.

அடுத்தது தத்து ஏஜென்சி. நாடுகளுக்கிடையேயான தத்துக்கான ஹேக் உடன்படிக்கைப்படி அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். டெல்லியில் உள்ள மத்திய தத்து ஆணையமான 'காரா'வின் அனுமதியும் வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத ஏஜென்சியிடம் பணம் கட்டிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. கட்டும் முன் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எழுதும் ஹோம் ஸ்டடி அறிக்கை. அதை வைத்து அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் ஐ-800ஏ மனு, அதாவது தத்தெடுக்க நீங்கள் தகுதியானவர்கள் என்பதற்கான மனு. அனுப்பும்போது அறிக்கைக்கு ஆறு மாதத்துக்கு மேல் வயதாகியிருந்தால் புதுப்பிக்கச் சொல்வார்கள். உங்களோடு குடியிருக்கும் 18 வயது நிரம்பிய எல்லோரும், மாமியார் உட்பட, கைரேகை கொடுக்க வேண்டும். 18 வயதுக்குப் பிறகு வாழ்ந்த மாநிலம், நாடு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். தள்ளுபடியான பழைய வழக்கைக்கூட மறைக்காதீர்கள். மனு விழுவது பெரும்பாலும் வழக்கினால் அல்ல, மறைத்ததினால்.

ஒப்புதல் வந்ததும் ஏஜென்சி உங்கள் கோப்பை காராவின் 'கேரிங்ஸ்' இணையதளத்தில் ஏற்றும். ஒரு குழந்தை தத்துக்குச் சட்டப்படி தகுதி பெற்று 60 நாளுக்குள் இந்தியப் பெற்றோரோ என்ஆர்ஐ பெற்றோரோ அமையாவிட்டால்தான் வெளிநாட்டுத் தத்துக்கு வரும். அங்கே ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு. கைக்குழந்தைகள் பெரும்பாலும் அதற்குள் வேறு பெற்றோரிடம் போய்விடுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். குழந்தையின் விவரம் வந்தால் 96 மணி நேரத்துக்குள் முன்பதிவு, அதன்பின் 30 நாளுக்குள் சம்மதக் கையெழுத்து. மருத்துவ அறிக்கையில் தலைச்சுற்றளவு, எடை, ஹெபடைடிஸ் பி, எச்ஐவி முடிவுகள் இருக்கும். அதைப் படித்துச் சொல்லும் குழந்தை மருத்துவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை விவரம் வந்துவிட்டால் திங்கள்வரை யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

சம்மதித்தபின் வரிசை மிக முக்கியம்: அந்தக் குழந்தைக்கான ஐ-800 மனு, அதற்குத் தற்காலிக ஒப்புதல், தத்து தொடரலாம் என்னும் அமெரிக்கத் தூதரகத்தின் ஐந்தாம் பிரிவுக் கடிதம், காராவின் தடையின்மைச் சான்று, மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை, ஹேக் இணக்கச் சான்று, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கடைசியாக விசா.

கேள்வி: நாகர்கோவிலில் இருக்கும் என் அண்ணன், தன் மூன்றாவது பிள்ளையை எங்களுக்குத் தரச் சம்மதித்தார். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் தத்துப் பத்திரமும் பதிந்துவிட்டோம். நான் அமெரிக்கக் குடிமகள். விசாவுக்கு இது போதுமா? – வாசகி, ஹூஸ்டன்

பதில்: போதாது. அந்தப் பத்திரத்துக்கு அடிப்படையான 1956-ஆம் ஆண்டு இந்து தத்துச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியருக்குத்தான். கிறிஸ்தவர்கள் ஒரு காலத்தில் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் ஆக மட்டுமே முடிந்தது. இன்று சிறார் நீதிச் சட்டம் 2015 எந்த மதத்தவருக்கும் வழிவிடுகிறது. பெற்றோருடன் பிறந்தவர்களும் தாத்தா பாட்டியும் உறவுமுறைத் தத்துக்கு விண்ணப்பிக்கலாம். அத்தைக்கு அந்தத் தகுதி உண்டு. ஆனால் அதுவும் காரா வழியாக, ஆட்சியர் ஆணையோடுதான். ஆணை தரும் அதிகாரம் 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்திடமிருந்து ஆட்சியருக்கு மாறிவிட்டது.

பெரிய முட்டுக்கட்டை அமெரிக்கப் பக்கம்தான். பெற்றவர்கள் இருவரும் உயிரோடு இருந்தால், பிள்ளையைச் சரியாக வளர்க்க அவர்களால் இயலவில்லை என்று நிரூபிக்க வேண்டும். 'மூன்றாவது பிள்ளை, அத்தை நன்றாகப் பார்த்துக்கொள்வாள்' என்பதெல்லாம் குடும்பத்துக்குள் சரி, தூதரகத்தில் எடுபடாது. ஐ-800 தற்காலிக ஒப்புதலுக்கு முன் தத்தோ சட்டக் காவலோ நடந்திருக்கக் கூடாது என்பதும் விதி. பத்திரம் பதிந்ததை ஏஜென்சியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேறு எந்த ஆணையும் வாங்கப் போகாதீர்கள்.

கேள்வி: நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். எங்களால் தத்தெடுத்துப் பிள்ளையை இங்கே அழைத்துவர முடியுமா? – நியூஜெர்சி

பதில்: ஐ-800ஏ மனுவை அமெரிக்கக் குடிமகன் மட்டுமே போட முடியும். எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவுக்குத் தத்துப் பிள்ளை 'பிள்ளை' என்று கணக்கில் வர, 16 வயதுக்குள் தத்து நடந்திருப்பதோடு இரண்டு வருடச் சட்டக் காவலும் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்ததும் வேண்டும். யாராவது ஒருவர் ஊரில் பிள்ளையோடு தங்க நேரலாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் பதில் வாங்காமல் இந்தியாவில் எதையும் தொடங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் சபை நடத்தும் இல்லத்தில் ஒரு குழந்தை இருக்கிறது. போதகர் நேரடியாகத் தரத் தயார். – வாசகர், அட்லாண்டா

பதில்: நல்ல மனதோடு கொடுத்தாலும் குற்றம்தான். முறைமீறிக் குழந்தையைக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கீகரிக்கப்பட்ட சிறப்புத் தத்து நிறுவனம் மட்டுமே குழந்தையைத் தரலாம், அதுவும் நீங்கள் சுட்டிக்காட்டிய குழந்தையை அல்ல.

கேள்வி: ஹோம் ஸ்டடியில் போதகர் கடிதம் உதவுமா? வேறு என்ன கேட்பார்கள்? – வாசகி, சிகாகோ

பதில்: கடிதம் உதவும். 'ஒழுங்காக ஆலயத்துக்கு வருகிறார்கள்' என்பதைவிட, பிள்ளைகளிடம் நீங்கள் பழகும் விதத்தை அவர் எழுதினால் மதிப்பு கூடும். இடறும் இடம் வேறு. 'பிள்ளை தப்பு செய்தால்?' என்று கேட்பார்கள். 'பிரம்பைக் கையாடாதவன்' வசனத்தைச் சொன்னால் கோப்பு அங்கேயே நிற்கும். அடிக்க மாட்டோம் என்று பல ஏஜென்சிகள் கையெழுத்தே வாங்குகின்றன. 'ஒரு ஆத்துமாவை மீட்க' என்ற காரணமும் பலன் தராது. பிள்ளை வேண்டும் என்பதால்தான் தத்து எடுக்கிறோம் என்பது அறிக்கையில் தெரிய வேண்டும்.

கேள்வி: ஞானஸ்நானம் எப்போது கொடுக்கலாம்? – கத்தோலிக்க வாசகர், டெட்ராய்ட்

பதில்: ஆட்சியர் ஆணை வந்தபின். அதுவரை, குழந்தை உங்கள் கையிலேயே இருந்தாலும் சட்டப்படி உங்கள் பிள்ளை அல்ல. முன்பே ஞானஸ்நானம் பெற்றதா என்று விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால் பங்குத்தந்தை 'முன்பே பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு கொடுப்பார். பதிவேட்டில் தத்தெடுத்த பெற்றோரின் பெயர் ஏறும். பெயரின் எழுத்துக்கூட்டலைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழ் தத்துக்கு ஆதாரமாகாது.

கேள்வி: பிள்ளை வந்து சேர்ந்த பிறகும் காரா தொடர்பு கொள்ளுமா? – வாசகர், டல்லாஸ்

பதில்: முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. தத்து இந்தியாவிலேயே முடிந்த பிள்ளைக்கான ஐஎச்-3 விசாவில் வந்தால், 18 வயதுக்குட்பட்ட பிள்ளை உங்களோடு குடியேறும் அன்றே அமெரிக்கக் குடியுரிமை பெறும். சான்றிதழ் தபாலில் வரும். இடையில் வீடு மாறினால் முகவரி மாற்றத்தைக் குடியேற்றத் துறைக்கும் ஏஜென்சிக்கும் தெரிவியுங்கள்.