திருமலைத் தபால்: இம்முறை பங்களாதேஷ்

போன இதழில், டாக்காச் சுவர்களில் 2024 இல் மாணவர்கள் வரைந்த படங்களைப் பற்றி நாலு வரி எழுதப்போய், இந்த மாதத் தபாலில் பாதி பங்களாதேஷாகவே வந்து சேர்ந்திருக்கிறது. பத்திரகாளி அம்மன் கோயில் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுக்கவும்.

அக்கா, பங்களாதேஷ் ஆட்கள் எழுதுவதை நீங்கள் எந்த மொழியில் வாசிக்கிறீர்கள்? அங்கே போயிருக்கிறீர்களா?
*வாசகி, உவர்மலை*

போனதில்லை பிள்ளை. அவர்கள்தான் இங்கே வந்தார்கள். சுனாமிக்குப் பிறகு நிலாவெளி வீதியில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதிகாரிகளில் இரண்டு பேர் பங்களாதேஷ்காரர். புயல், வெள்ளம், அரிசி மூட்டைக் கணக்கு எல்லாம் அவர்களுக்குப் பிறந்த வீட்டுச் சமாச்சாரம். ஒருவர் சில்ஹெட்காரர். நம்முடைய பாரை மீனைப் பார்த்தாலே, இது ஆற்று மீன் இல்லையே என்று முகத்தைச் சுளிப்பார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கணினியைத் திறந்து ‘சம்வேர் இன்’ என்ற தளத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். யாரும் வந்து வங்காளத்தில் எழுதலாம் என்று 2005 டிசம்பரில் கதவைத் திறந்த தளம் அது. பஸ் நடத்துனரோடு சண்டை, மாமியார் சமையல், மின்வெட்டு, பிறகு திடீரென்று 1971 யுத்தம். எல்லாம் ஒரே பக்கத்தில். என்ன சிரிப்பு என்று கேட்கப்போய் எழுத்துக்கூட்டப் பழகினேன். இன்றைக்கும் பாதி எழுத்துக்கூட்டல்தான், மீதிக்குப் போன் மொழிபெயர்ப்பு உதவுகிறது.

நாங்கள் பாமினி எழுத்துருவோடு மல்லுக்கட்டிய காலம் அது. ஒரு கணினியில் அடித்த தமிழ் மற்றதில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அவர்களுக்கோ ‘பிஜோய்’ என்று காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். மெஹ்தி ஹசன் கான் என்ற மருத்துவ மாணவர் 2003 இல் ‘அவ்ரோ’வை இலவசமாக விட்டார். ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் வங்காளம் வந்து நிற்கும். கடைக்காரரும் குடும்பப் பெண்களும் எழுத வந்தது அதற்குப் பிறகுதான். 2025 இல் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் ஏகுஷே பதக்கம் என்ற அரச விருதைக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், அங்கே வலைப்பதிவு எழுதிப் பெயர் எடுத்த எல்லோரையும் விட அவர்தான் பெரிய ஆள்.

வலைப்பதிவு எழுதினவர்களை வெட்டிக் கொன்றார்களாமே. மார்க்கத்தைத் திட்டினால் அப்படித்தான் நடக்கும் என்கிறார் என் மச்சான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*வாசகர், மூதூர்*

மச்சானையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். கொஞ்சம் நீளம்.

2013 பெப்ரவரி 5 இல், 1971 போர்க்குற்ற வழக்கில் ஜமாஅத்-ஏ-இஸ்லாமி கட்சித் தலைவர்களில் ஒருவரான அப்துல் காதர் முல்லாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அது போதாது, தூக்கு வேண்டும் என்று வலைப்பதிவர்கள் கூப்பிட்ட கூட்டம்தான் டாக்கா ஷாபாக் சந்தியில் கடலாகப் பெருகியது. பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ‘தூக்கு, தூக்கு’ என்று கோஷம் போட்டதை நான் அன்றைக்கும் ரசிக்கவில்லை, இன்றைக்கும் ரசிக்கவில்லை. அது கிடக்க. அதே மாதம் 15 ஆம் திகதி ராஜீப் ஹைதர் என்ற பதிவரை வீட்டுக்குக் கிட்ட வெட்டிக் கொன்றார்கள். ஏப்ரலில் அரசாங்கம் யாரைப் பிடித்தது தெரியுமா? நான்கு வலைப்பதிவர்களை. மத உணர்வைப் புண்படுத்தினார்களாம்.

பதிவர்களுக்கு 2015 தான் மோசமான ஆண்டு. பெப்ரவரி 26 இரவு அவிஜித் ராய் புத்தகக் கண்காட்சியிலிருந்து மனைவியோடு வெளியே வரும்போது, பல்கலைக்கழகப் பக்கத்தில், சனம் பார்த்து நிற்க வெட்டப்பட்டார். மே மாதம் சில்ஹெட்டில் அனந்த பிஜோய் தாஸ். வங்கியில் வேலை செய்தவர், காலையில் வேலைக்குப் புறப்பட்டவர். ஓகஸ்டில் நிலோய் நீல். தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று முறைப்பாடு செய்யப் போனதையும், பொலிஸ் அதை ஏற்காமல் நாட்டை விட்டுப் போகச் சொன்னதையும் அவரே முகநூலில் எழுதி வைத்திருந்தார். வீட்டுக்குள் புகுந்து கொன்றார்கள்.

இனி மச்சானின் வாதத்துக்கு வருவோம். அந்த ஆண்டு ஒக்டோபரில் கொல்லப்பட்ட ஃபைசல் அரேஃபின் தீபன் பதிப்பாளர். அவிஜித்தின் புத்தகத்தை அச்சிட்டதுதான் அவர் செய்தது. 2019 ஒக்டோபரில் அப்ரார் ஃபஹத் என்ற பொறியியல் மாணவரை விடுதியில் வைத்து அடித்தே கொன்றார்கள். அடித்தவர்கள் ஆளுங்கட்சி மாணவர் அமைப்புக்காரர். அவர் முகநூலில் எழுதியது ஃபெனி ஆற்றுத் தண்ணீரை இந்தியாவுக்குக் கொடுக்கும் உடன்பாட்டைப் பற்றி. முஷ்தாக் அகமது கோவிட் காலத்து அரசாங்க நிர்வாகத்தைக் குறை சொல்லி எழுதினார். 2020 மே மாதம் உள்ளே போட்டார்கள், ஆறு தடவை பிணை மறுத்தார்கள், 2021 பெப்ரவரியில் சிறையிலேயே இறந்தார். இந்த மூன்றிலும் மார்க்கம் எங்கே இருக்கிறது என்று மச்சானைக் கேளுங்கள். கத்தி வைத்திருந்தவனுக்கு ஒரு காரணம், சட்டம் வைத்திருந்தவனுக்கு வேறொரு காரணம். செத்தது எழுதினவன்தான்.

‘ஐயோ, அந்த நாடு’ என்று திருகோணமலையில் இருந்துகொண்டு நாங்கள் உச்சுக்கொட்ட முடியாது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றார்கள். உடல்களைப் படம் எடுத்து, தலையில் கிட்ட வைத்துச் சுட்ட காயம் என்பதைப் பத்திரிகையில் காட்டியவர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அந்த மாதம் 24 ஆம் திகதி காலை பஸ்ஸுக்காக நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் படங்கள் வராமல் இருந்திருந்தால் குண்டு வெடித்த கதையைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு இருந்திருப்போம்.

வாட்ஸ்அப்பில் வருகிற வதந்தியைத் தாங்க முடியவில்லை அக்கா. அங்கேயும் இப்படியா?
*வாசகி, கிண்ணியா*

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் பாலம்தான் நினைவுக்கு வந்தது. பாலம் கட்டும்போது பிள்ளை பலி கேட்கும், பிள்ளை பிடிகாரன் சாக்கோடு வருவான் என்று என் அம்மம்மா சொல்லிப் பயம் காட்டாத பின்னேரம் கிடையாது. பத்மா ஆற்றில் ஆறு கிலோமீற்றருக்கு மேல் நீளமான பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது, 2019 இல், இதே கதை பங்களாதேஷ் முகநூலில் ஓடியது. பாலத்துக்குக் குழந்தைத் தலை வேண்டுமாம். பாலம் கட்டுகிற அதிகாரிகளே அப்படி ஒன்றும் இல்லை என்று அறிக்கை விட வேண்டி வந்தது. அதற்குப் பிறகும், டாக்காவில் பாட்டா என்ற பகுதியில் பிள்ளையைச் சேர்ப்பது பற்றி விசாரிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரு தாயைப் பிள்ளை பிடிகாரி என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். அந்த வதந்தியில் குறைந்தது எட்டுப் பேர் செத்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2012 செப்டெம்பர் 29 இரவு, கொக்ஸ் பஸாருக்குப் பக்கத்தில் ராமு என்ற ஊர். குர்ஆனை அவமதிக்கும் படம் ஒரு பௌத்த இளைஞரின் முகநூலில் இருக்கிறது என்று பரப்பி, பன்னிரண்டு விகாரைகளையும் ஏறத்தாழ ஐம்பது வீடுகளையும் எரித்தார்கள். அங்கே பௌத்தர் சிறுபான்மை. இங்கே பௌத்தர் பெரும்பான்மை, 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனவில் எரிந்தது முஸ்லிம்களின் வீடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ராமுவைப் பற்றி உருப்படியாக எழுதினவர்கள் அடுத்த நாளே அங்கே போய், எந்த விகாரை, எத்தனை மணிக்கு, வந்தவர்கள் எந்தப் பக்கத்தால் வந்தார்கள் என்று கேட்டு எழுதினவர்கள். மற்றவர்கள் கண்ணீர் விட்டு எழுதினார்கள். கண்ணீர்ப் பதிவுகளைத்தான் அதிகம் பேர் பகிர்ந்தார்கள்.

பங்களாதேஷ் எங்களுக்குக் கடன் தந்தது உண்மையா?
*வாசகர், ஓர்ஸ்ஹில்*

உண்மை. 2021 இல் 20 கோடி டொலர். 2023 இல் திருப்பிக் கொடுத்து முடித்தோம். தந்தபோது அங்கே பெருமைப் பதிவுகள். 2022 இல் எங்கள் பெற்றோல் வரிசைகளைப் பார்த்த பிறகு, ‘நாமும் ஸ்ரீலங்கா ஆகிவிடுவோமா’ என்று பயப் பதிவுகள். ஒரு நாட்டின் பெயர் இப்படியும் பயன்படும்.

அங்கே 2024 ஜூலையில் நடந்த கதையை விரிவாகச் சொல்லுங்கள். நம்முடைய 2022 அரகலயப் போராட்டம் மாதிரியா?
*வாசகர், அன்புவழிபுரம்*

தொடக்கம் வேலைவாய்ப்பு. அரச வேலையில் 30 சதவீதத்தை 1971 விடுதலைப் போராளிகளின் குடும்பங்களுக்கு ஒதுக்கும் முறையை 2024 ஜூன் 5 இல் ஹைகோர்ட் திரும்பக் கொண்டுவந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 16 இல் ரங்பூரில் அபு சயீத் என்ற மாணவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பொலிஸுக்கு முன்னால் நின்றார், சுட்டார்கள். அது காணொளியில் பதிவாகி நாடு முழுவதும் போனது. 18 ஆம் திகதி இரவு இணையத்தையே வெட்டினார்கள். நான் வழக்கமாக வாசிக்கிற பக்கங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாகிப் போயின. வெளிநாட்டில் இருந்தவர்கள் மட்டும், ஊருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டதை எழுதிக்கொண்டிருந்தார்கள். மாத முடிவில் அரசாங்கம் துக்க தினம் அறிவித்தது. சனம் அதற்குப் பதிலாகத் தங்கள் முகநூல் படங்களைச் சிவப்பாக்கியது. ஒரு சொல் எழுதாமல் ஒரு முழு நாடு பதில் சொன்னதை அன்றைக்குப் பார்த்தேன்.

ஓகஸ்ட் 5 இல் ஷேக் ஹசீனா இந்தியாவுக்குப் பறந்தார். பிரதமர் மாளிகைக்குள் புகுந்தவர்கள் சேலை, மீன், வாத்து என்று தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தபோது, 2022 ஜூலை 9 இல் எங்கள் ஆட்கள் ஜனாதிபதி மாளிகைத் தடாகத்தில் நீந்தியது நினைவுக்கு வராமல் போகுமா? ஆனால் ஒப்பீடு அந்தப் படங்களோடு நின்றுவிட வேண்டும். அங்கே அந்த ஆறு வாரத்தில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. பிறகும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. 2025 டிசம்பரில் டாக்காவின் இரண்டு பெரிய பத்திரிகை அலுவலகங்களுக்கு ஒரு கும்பல் தீ வைத்தது. பழைய அரசாங்கம் வெறுத்த பத்திரிகைகள்தான் அவையும்.

நாக நடனம் ஆடின பங்களாதேஷ் கிரிக்கெட்காரர்களுக்கும் உங்கள் ஆதரவு உண்டா?
*வாசகர், பாலையூற்று*

2018 மார்ச். பிரேமதாச மைதானம். எங்களை வென்று அவர்கள் ஆடிய இரவில் உடைந்த கண்ணாடிக் கதவு. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எடுக்கத் தடை.

எங்கட காணிப் பிரச்சினை மாதிரி அங்கேயும் ஏதும் உண்டா அம்மா?
*வாசகர், தென்னமரவாடி*

உண்டு ஐயா. சிட்டகொங் மலைப்பகுதியில். 1960 களின் தொடக்கத்தில் கர்ணபூலி ஆற்றை மறித்துக் கப்தாய் அணை கட்டினார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் சக்மா மக்கள், இடம்பெயர்ந்தார்கள். அங்கே இருந்த நல்ல வயலில் 40 சதவீதம் தண்ணீருக்குள் போனது. 1979 இலிருந்து சமவெளி வங்காளிகளை அரசாங்கமே கொண்டுவந்து குடியேற்றியது. உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். 1997 டிசம்பரில் உடன்படிக்கை வந்தது. காணிப் பிணக்குகள் இன்னும் இழுபடுகின்றன. கல்பனா சக்மா என்ற இளம் பெண் தலைவியை 1996 ஜூன் 12 இல் வீட்டிலிருந்து கடத்தினார்கள். இன்றுவரை தகவல் இல்லை. 2024 இல் நீதிமன்றம் வழக்கையே முடித்து வைத்தது.

இதில்தான் எனக்கு அந்த வலைப்பதிவர்களில் பலரோடு மனத்தாங்கல். 1952 பெப்ரவரி 21 இல் மொழிக்காக உயிர் கொடுத்தவர்களைப் பற்றி ஆண்டுதோறும் உருகி உருகி எழுதுவார்கள். அதே நாட்டின் 1972 அரசியலமைப்பு எல்லாக் குடிமக்களையும் வங்காளிகள் என்றபோது, நான் சக்மா, வங்காளி அல்ல என்று சபையில் எழுந்து சொன்னவர் மானபேந்திர நாராயண் லார்மா. அவரைப் பற்றி மலையில் இருந்து எழுதுகிற பிள்ளைகள் மட்டும்தான் எழுதுகிறார்கள். சில்ஹெட்காரரிடமும் ஒருநாள் இதைக் கேட்டேன். ‘அது வேறு பிரச்சினை’ என்றார். இந்த வசனத்தைச் சிங்கள நண்பர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன், எங்களுடைய வாயிலும் கேட்டிருக்கிறேன்.

நான் திருகோணமலை வளாக மாணவி. எனக்கும் நம் ஊர் நடப்பை எழுத ஆசை. ஆனால் வீட்டில் பயப்படுகிறார்கள். எழுதலாமா?
*வாசகி, கோணேசபுரி*

வீட்டாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பங்களாதேஷில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 57 ஆம் பிரிவைச் சனம் எதிர்த்தபோது, 2018 இல் அதை டிஜிட்டல் பாதுகாப்புச் சட்டமாக்கினார்கள். அதையும் எதிர்க்க, 2023 இல் சைபர் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. இங்கே 2024 பெப்ரவரி முதல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன்பே, அஹ்னாஃப் ஜஸீம் என்ற மன்னார் இளைஞர் தமிழில் கவிதை எழுதி, 2020 இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில்தான் விடுதலையானார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

‘நாடு எங்கே போகிறது’ என்று தொடங்க வேண்டாம். அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் விடுதியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, நின்றால் யாரிடம் சொல்கிறீர்கள், அவர் என்ன பதில் சொல்கிறார் என்று எழுதுங்கள். திகதி போடுங்கள். நீங்கள் கண்டதையும் மற்றவர் சொன்னதையும் தனித்தனியாக வையுங்கள். கூட இருக்கிற பிள்ளைகளின் முகமோ பெயரோ வேண்டாம். முதலில் இரண்டு பேருக்கு வாசிக்கக் கொடுங்கள், அதில் ஒருவர் உங்களோடு ஒத்துப்போகாதவராக இருக்கட்டும். எனக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். பாமினியில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.