பிழை காட்டவில்லை என்றால் மாடல் சரியா?

கேள்வி: இரண்டு துளைகள் உள்ள ஒரு தகட்டின் மாடலை கேட் (CAD, கணினியில் வடிவம் வரையும்) மென்பொருளில் வரைந்திருந்தேன். தடிமனை 6 மி.மீ.யிலிருந்து 8 ஆக்கினேன். எந்தப் பிழையும் காட்டவில்லை. ஆனால் செய்து வந்த தகட்டில் துளைகள் மறுபக்கம் வரை போகவில்லை. ஓர் அளவை மாற்றினால் வேறு என்னவெல்லாம் கெடும் என்று முன்பே சோதிக்க முடியுமா?

பதில்: முடியும். துளையின் ஆழத்தை 6 என்று எண்ணாகக் கொடுத்திருப்பீர்கள். தடிமன் வளர்ந்தது, துளை வளரவில்லை. ‘த்ரூ ஆல்’, அதாவது மறுபக்கம் வரை துளை, என்று கொடுத்திருந்தால் தானே நீண்டிருக்கும். மென்பொருளைக் கேட்டால் அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ரீபில்ட், அதாவது மாற்றிய அளவோடு மாடலை மறுபடி கட்டுவது, முடிந்தது என்றால் வடிவத்தைக் கட்ட முடிந்தது என்று மட்டுமே அர்த்தம். நீங்கள் மனதில் வைத்திருந்த வடிவம்தானா என்று அது பார்ப்பதே இல்லை. இத்தனை வருடமாகியும் மென்பொருள் செய்பவர்களுக்கு இதற்கு ஓர் எச்சரிக்கை வைக்கத் தோன்றவில்லை. மெனுவின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

கண்ணை நம்பாதீர்கள், மென்பொருள் காட்டும் கன அளவைப் பாருங்கள். உங்கள் தகடு 100க்கு 60 மி.மீ., துளை ஒவ்வொன்றும் 10 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். தடிமன் 2 மி.மீ. கூடினால் தகட்டில் 12,000 கன மி.மீ. சேரும்; துளைகள் இரண்டும் நீள்வதால் சுமார் 314 கழியும். ஆக 11,686 கூட வேண்டும். திரையில் சரியாக 12,000 கூடியிருந்தால், துளை நீளவில்லை. கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை.

அப்புறம், அளவைப் பழையபடி 6 ஆக்கி, பழைய கன அளவே திரும்ப வருகிறதா என்று பாருங்கள். சில ஸ்கெட்ச்கள் (வடிவத்துக்கு அடிப்படையான கோட்டுப் படங்கள்) பெரிய மாற்றத்தில் மறுபக்கம் புரண்டுவிடும், திரும்பி வராது. இதையெல்லாம் நகல் ஃபைலில் செய்யுங்கள்.

ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்றுங்கள். அதன் குறைந்தபட்ச மதிப்பில் ஒரு முறை, அதிகபட்ச மதிப்பில் ஒரு முறை, அவ்வளவுதான். ஆனால் ஒரே இடத்துக்காக இரண்டு அளவுகள் போட்டி போடும்போது இந்த விதி செல்லாது. உங்கள் தகட்டின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் 2.5 மி.மீ. ஆரமுள்ள ஃபில்லட்டால் (கூர் விளிம்பை வளைவாக்குவது) உருட்டியிருக்கிறீர்கள் என்று கொள்வோம். தடிமன் 8. தடிமனை மட்டும் 6 ஆக்கினால் இரண்டு ஃபில்லட்டும் சேர்ந்து 5, இடம் இருக்கிறது. ஃபில்லட்டை மட்டும் 3.5 ஆக்கினால் சேர்ந்து 7, அதற்கும் 8இல் இடம் இருக்கிறது. தனித்தனியே இரண்டும் தேறிவிட்டன. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்: 6இல் 7 எப்படி அடங்கும்? ஃபில்லட் உடைந்துவிடும். இப்படிப்பட்ட ஜோடிகளைச் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும். அதைவிட நல்லது, ஃபில்லட்டை ‘தடிமன் × 0.3’ என்று சூத்திரமாகக் கட்டிவிடுவது. பிறகு தடிமன் எதுவானாலும் மோதாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வரைந்து தருகிறோம் என்று வரும் இடைத்தரகர்கள் சிலர் ‘முழு பாராமெட்ரிக் மாடல்’ (ஓர் அளவை மாற்றினால் வடிவமும் தானே மாறும் மாடல்) என்று காசு வாங்கிவிட்டு, ஐந்தாறு அளவுகளுக்குத் தனித்தனியாக வரைந்து ஓர் அட்டவணையில் ஒளித்துத் தருகிறார்கள். வேறு சிலர் வெறும் ஸ்டெப் (STEP) ஃபைலைத் தள்ளிவிடுவார்கள். வடிவம் அதில் இருக்கும், அது எப்படி வரையப்பட்டது என்ற வரலாறு இருக்காது. மாற்ற ஓர் அளவும் கிடைக்காது. பணம் கொடுக்கும் முன் உங்கள் கண் முன்னே அட்டவணையில் இல்லாத ஓர் அளவைப் போடச் சொல்லுங்கள், 7.3 மாதிரி. ‘நாளைக்கு அனுப்புகிறேன்’ என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

பட்டறைக்குப் போகும் டிராயிங்கையும் (அளவுகள் எழுதிய வரைபடத் தாள்) ஒரு முறை பாருங்கள். அதில் யாராவது கையால் 6 என்று தட்டி வைத்திருந்தால், மாடல் 8 ஆனாலும் அது 6 என்றே அச்சாகும். பட்டறையில் இருப்பவர் மாடலைத் திறந்து பார்க்க மாட்டார், தாளைத்தான் பார்ப்பார்.