கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும்

கேள்வி: வாஷிங்டன், ஜெஃபர்சன் போன்ற அமெரிக்க விடுதலைத் தலைவர்களைப் பற்றி ஆய்வாளர்கள் மேடைக்கு மேடை எதையாவது கிளறிக்கொண்டே இருக்கிறார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் இறந்தவர்களை நிம்மதியாக விட்டுவிடக் கூடாதா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: 'கிளறுவது' என்ற சொல்லைத் திருநெல்வேலிக்காரர் ஒருவர் குறையாகச் சொல்லலாமா? உங்கள் ஊர்ப் பெருமையே கிளறுவதில்தானே இருக்கிறது! கோதுமைப் பாலும் சர்க்கரையும் அடுப்பில் ஏறிவிட்டால் அப்புறம் துடுப்பைக் கீழே வைக்க முடியாது. ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் வாங்கிக் கிளற வேண்டும். நெய் பிரிந்து மேலே வரும்வரை விடக் கூடாது. விட்டால் மேலே பளபளவென்று இருக்கும், அடியில் கருகிப்போயிருக்கும். அமெரிக்கத் தலைவர்களின் கதையை ரொம்ப காலம் அந்த மேல்பாகத்தை மட்டும் எடுத்துத்தான் பரிமாறினார்கள்.

வாஷிங்டனின் பல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மரப்பல் என்று பலரும் படித்திருப்போம். 1789-ல் அதிபராகப் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஆனால் கட்டுப்பல் மரம் இல்லை. நீர்யானைத் தந்தம், உலோகம், மாட்டுப் பல், மனிதப் பல் எல்லாம் சேர்த்துச் செய்தது. யாருடைய பல்? அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையின் கணக்குப் பேரேட்டில் 1784 மே மாதத்தில் ஒரு பற்று இருக்கிறது. பல் வைத்தியர் வகையில், ஒன்பது பற்களுக்காக, நீக்ரோக்களுக்குக் கொடுத்தது 6 பவுண்டு 2 ஷில்லிங். ஒரு பல்லுக்குப் பதின்மூன்றரை ஷில்லிங் சொச்சம். அந்த ஒன்பதும் அவர் வாய்க்குத்தான் போயின என்று நேரடிச் சான்று இல்லை. போகாவிட்டாலும், பண்ணை அடிமைகளின் வாயிலிருந்து பல் பிடுங்கப்பட்டுக் கணக்கில் ஏறியது நடந்த விஷயம்.

கணக்கு நோட்டு மேல் எனக்குள்ள பற்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கடிதம் எழுதும்போது மனிதன் தன்னைப் பற்றி நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று யோசித்து எழுதுகிறான். கணக்கு எழுதும்போது காசைப் பற்றி மட்டும் யோசிக்கிறான். மார்த்தா வாஷிங்டன் தானும் கணவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை எரித்துவிட்டார். தப்பியவை மிகச் சில. பேரேட்டை எரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

பல வருஷத்துக்கு முன், செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மை சொன்ன கதை வாஷிங்டன் இறந்த பிறகு வீம்ஸ் என்ற பாதிரியார் எழுதிச் சேர்த்தது, 1806-ல்தான் அச்சில் வந்தது என்று இங்கே எழுதினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 'பிள்ளைகளின் நம்பிக்கையைக் கெடுக்கிறீர்கள்' என்று மூன்று கடிதம் போட்டார். மூன்றுக்கும் பதில் எழுதினேன். இன்றும் அதையே சொல்கிறேன்: உண்மை பேசு என்பதைக் கட்டுக்கதையால் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எனக்குச் சம்மதமில்லை.

ஜெஃபர்சன் விஷயம் இன்னும் கனமானது. அவருக்கும் அவரிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் குழந்தைகள் உண்டு என்று 1802-லேயே பத்திரிகையில் வந்துவிட்டது. சாலி வேறு யாருமில்லை, ஜெஃபர்சனின் இறந்துபோன மனைவிக்கு அப்பா வழியில் தங்கை. சாலியின் மகன் மேடிசன் 1873-ல் ஒஹையோ பத்திரிகை ஒன்றில் ஜெஃபர்சன்தான் தன் தகப்பன் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகளோ அவருடைய சகோதரி மகன்களைக் கைகாட்டினார்கள். வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளை நம்பினார்கள்.

சட்டம் படித்த அன்னெட் கார்டன்-ரீட் 1997-ல் இதைக் கிளறினார். இரண்டு பக்கமும் இருப்பது வாய்மொழிதான். எசமான் வீட்டுப் பேச்சு சாட்சியம், அடிமை வீட்டுப் பேச்சு வதந்தி என்று எதை வைத்துப் பிரித்தீர்கள் என்று வரலாற்றாசிரியர்களைக் கேட்டார். ஜெஃபர்சன் அடிக்கடி வெளியூரில் இருந்தவர். ஆனால் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் சாலிக்குக் குழந்தை பிறந்த ஒவ்வொரு முறையும், ஒன்பது மாதம் முன்பு அவர் வீட்டில் இருந்திருக்கிறார். அவர் எந்தத் தேதியில் எங்கே இருந்தார் என்று பாடுபட்டுத் தொகுத்து வைத்த, ஜெஃபர்சன் வரலாற்றை எழுதிய டூமாஸ் மலோன், அப்படி ஓர் உறவே கிடையாது என்று வாதாடியவர்! அடுத்த ஆண்டே மரபணுச் சோதனை வந்தது. சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வம்சம் ஜெஃபர்சன் ஆண் வழியோடு பொருந்தியது, சகோதரி மகன்களின் வழியோடு பொருந்தவில்லை. மான்டிசெல்லோவை நிர்வகிக்கும் அறக்கட்டளை 2000-ல் மேடிசன் சொன்னதன் பக்கம் வந்தது. அவர் சொல்லி 127 வருஷம் கழித்து.

இந்தக் காலத்தைப் பேசும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஒரு கப்பல். 1782-ல் பென்சில்வேனியாக்காரர்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கடலில் இறக்கிய கப்பலுக்கு ஹைதர் அலி என்று பெயர். 1780-ல் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஆங்கிலப் படை ஹைதர் தரப்பிடம் நொறுங்கியது. அந்த ஹைதரின் பெயர் பிலடெல்பியா வரை போயிருக்கிறது. அந்தக் கப்பல் தன்னைவிடப் பெரிய ஆங்கிலக் கப்பலைப் பிடித்தும் காட்டியது. இதை நம் பிள்ளைகளுக்கு ஒரு வரியாவது சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். இறந்தவர்களை நிம்மதியாக விடச் சொல்கிறீர்கள். ஓனா ஜட்ஜும் இறந்தவர்தான். வாஷிங்டன் மனைவியின் பணிப்பெண், அடிமை. அன்றைய தலைநகர் பிலடெல்பியா. அந்த மாநிலச் சட்டப்படி, வெளியூர்க்காரர் கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கேட்கலாம். அதனால் வாஷிங்டன் கெடு முடியும் முன் தன் அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி அனுப்பி அழைத்துக்கொண்டார். ஓனாவைப் பேத்திக்குக் கொடுத்துவிடுவதாக மார்த்தா முடிவு செய்தார். 1796 மே 21, வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஓனா வெளியே நடந்துவிட்டார். பிடித்துக் கொடுத்தால் 10 டாலர் என்று விளம்பரம் வந்தது. நியூ ஹாம்ப்ஷயருக்குக் கப்பல் ஏறிய அவரை மீட்க வாஷிங்டன் சாகும் வருஷம் வரை ஆள் விட்டார். முடியவில்லை. சட்டத்தின் கண்ணில் 1848-ல் கண்மூடும்வரை அவர் ஓடிப்போன அடிமைதான்.

வரலாற்றாசிரியர் எரிக்கா ஆம்ஸ்ட்ராங் டன்பார் ஓனாவின் வாழ்வை முழு நூலாக எழுத 2017 ஆயிற்று. வயதான காலத்தில் ஒரு பத்திரிகைக்காக ஒருவர் ஓனாவிடம் போய், அதிபர் வீட்டை விட்டு வந்த பிறகு முன்னைவிடக் கடுமையாக உழைக்க வேண்டியிருந்ததே, வந்ததற்கு வருத்தமில்லையா என்று கேட்டார். இல்லை, நான் சுதந்திரமானவள் என்றார் அந்த அம்மாள்.