அப்பாவின் ஸ்டென்ட்: 28,000 ரூபாய் மிச்சம் பிடிக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. இதய ரத்தக்குழாயில் ஒரு அடைப்பு, அடுத்த வாரம் ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் குட்டி வலைக்குழாய்) வைக்கிறார்கள். டாக்டர் எழுதியிருப்பது மருந்து தடவிய ஸ்டென்ட். "வெறும் உலோக ஸ்டென்டே போதும், காசை வீணாக்காதே" என்கிறார் அப்பா. மொத்தச் செலவு 2.2 லட்சம் என்கிறார்கள். 3 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீட்டு பாலிசி இருக்கிறது. அப்பா சொல்வதைக் கேட்கலாமா?

பதில்: இந்த விஷயத்தில் வேண்டாம். ஆனால் அப்பாவின் கணக்கு முட்டாள்தனமானது இல்லை.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்களுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. 2025 ஏப்ரல் நிலவரப்படி உலோக ஸ்டென்ட் சுமார் 10,700 ரூபாய், மருந்து தடவியது சுமார் 38,900, வரி தனி. வித்தியாசம் 28,000 சொச்சம். மருந்து எதற்கு? ஸ்டென்டுக்குள் சதை வளர்ந்து குழாய் மறுபடி சுருங்காமல் இருக்க. 2016-இல் வெளியான நார்வே ஆய்வில் சுமார் 9,000 பேரை ஆறு வருடம் கவனித்தார்கள். மறுபடி அடைப்பை நீக்க வேண்டி வந்தது உலோக ஸ்டென்டில் 19.8 சதவீதம், மற்றதில் 16.5. மரணத்திலும் மாரடைப்பிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதாவது 100 பேர் கூடுதலாக 28 லட்சம் கொடுத்தால், மூன்று பேருக்கு மறுபடி அடைப்பை நீக்கும் செலவு, தலா 2.2 லட்சம் என்று வைத்தால் சுமார் 6.6 லட்சம், மிச்சமாகிறது. காசு மட்டும் என்றால் அப்பா ஜெயித்துவிட்டார்!

ஆனால் அது சராசரி. சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய் மறுபடி சுருங்கும் வாய்ப்பு அதிகம். அப்புறம், அந்த 28,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து போகிறதா என்ன? செலவு பாலிசித் தொகைக்குள்தானே இருக்கிறது.

கை வைக்க வேண்டிய இடம் அறை வாடகை. உங்கள் பாலிசியில் ஒரு நாளைக்கு 3,000 என்று வரம்பு இருந்து, 6,000 ரூபாய் அறை எடுத்தால், டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியைக் காப்பீட்டு நிறுவனம் தராமல் வெட்டலாம். ஸ்டென்ட், மருந்து விலையில் அப்படி வெட்டக் கூடாது என்பது விதி. பில்லில் ஸ்டென்டின் பிராண்ட், பேட்ச் எண், விலை தனி வரியாக இருக்கட்டும். அடைப்பை விரிக்கும் பலூன், அதை உள்ளே கொண்டுபோகும் மெல்லிய குழாயான கதீட்டர், இவற்றின் விலை உச்சவரம்பில் வராது; அந்த விலையையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் சாப்பிட வேண்டும், பெரும்பாலும் 6 முதல் 12 மாதம். அப்போது ரத்தக்கசிவு எளிதில் நிற்காது. அப்பாவுக்கு வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்ததுண்டா, சீக்கிரம் வேறு ஆபரேஷன் இருக்கிறதா? டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.