911-ஆ, கயென்னா? வாசகர் கேள்வி பதில்

கே: போர்ஷ 911 கரேரா எஸ், கயென் டர்போ ஜிடி ரெண்டையும் பார்த்து வெச்சிருக்கேனுங்க. தோட்டத்து வீடு. மெயின் ரோட்டைத் தொடுறதுக்குள்ள நாலு வேகத்தடை. எதை எடுக்கலாம்? (வாசகர், பெருந்துறை)

ப: ஷோரூமுக்குப் போகும் முன் அந்த நாலு தடையையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். உயரத்தைவிட அகலம் முக்கியம்.

911 தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்; தரை இடைவெளி சுமார் 11 செ.மீ. சாலை அமைப்பு விதிகளை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். இந்த வண்டியின் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்) 2.45 மீட்டர்தான் என்பதால், வயிறு மேட்டின் உச்சிக்கு வரும்போது நாலு சக்கரமும் அதே மேட்டின் மேல் ஏறி நிற்கும். அடி தட்டாது.

ஊருக்குள் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய ஒரு முழ அகல மேடுதான் வில்லன். சக்கரங்கள் கீழே, மேடு மட்டும் நடுவில். அதே 10 செ.மீ. உயரமாக இருந்தாலும் ஆள் ஏறி ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கியதும் உரசிவிடும். முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் வசதி 4 செ.மீ. தரும், ஆனால் முன்பக்கம் மட்டும்தான் எழும்பும், நடு வயிற்றுக்கு அதில் பாதிதான் கிடைக்கும். 911 என்றால் புக் பண்ணும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

வாசல் சரிவையும் பாருங்கள். 1 அடி ஏற 10 அடி நீளம் இருந்தால் மூக்கு தப்பும். 5 அடியில் ஏறினால் தேயலாம்.

மேடுகள் குறுகலாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கயென். அது உயரமான எஸ்யூவி. அதில் காற்றழுத்தத்தால் உயரத்தைக் கூட்டும் ஏர் சஸ்பென்ஷன் இருக்கிறது, வண்டி மொத்தமாக உயரும்.

கே: ரெண்டு டன்னுக்கு மேல இருக்கிற கயென் 911-ஐ எப்படி முந்துது? (வாசகர், பொள்ளாச்சி)

ப: கயென் டர்போ ஜிடி (2021-இல் வந்த மாடல்) 640 குதிரைத்திறன், 2,220 கிலோ. கரேரா எஸ் (2019-இல் வந்த மாடல்) 450 குதிரைத்திறன், 1,515 கிலோ. டன்னுக்கு முறையே 288, 297 குதிரைத்திறன்; ஏறக்குறைய ஒன்றுதான். கயெனுக்கு நாலு சக்கர இழுவையும் 850 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) சேர்வதால் மணிக்கு நூறு கி.மீ.-யைத் தொட 3.3 விநாடி, கரேரா எஸ்ஸுக்கு 3.7.

எடை தன் கணக்கைக் கேட்பது இறக்கத்தில். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்குகிறோம். வேகம் கூடாமல் பிடிக்கும்போது பிறக்கும் சூட்டை பிரேக்கும் இன்ஜினும் பங்கு போட்டாக வேண்டும். கயெனில் அது 911-ஐப்போல ஒன்றரை மடங்கு. கயெனின் கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் தாங்கும்தான். ஆனாலும் கியரை ‘டி’யில் விட்டு பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்காதீர்கள். மேனுவலுக்கு மாற்றி இரண்டு அல்லது மூன்றில் பிடியுங்கள்; பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். பெடல் மெத்தென்று இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஓரங்கட்டி ஆறவிடுங்கள். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், வண்டி ஷெட்டிலேயே நின்றாலும்.

கே: 911 டயரை முன்னும் பின்னும் மாத்திப் போடலாமா? ஸ்டெப்னி எங்க இருக்கு? (வாசகர், ஈரோடு)

ப: முடியாது. கரேரா எஸ்ஸில் முன்னால் 245/35 ஆர்20, பின்னால் 305/30 ஆர்21. ஸ்டெப்னியும் கிடையாது; அடைப்புத் திரவமும் சின்ன கம்ப்ரஸரும்தான். ஆணி குத்தினால் அது போதும். குழியில் இறங்கி 9 செ.மீ. பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. படுக்கைத் தளம் உள்ள மீட்பு லாரிக்காரர் எண்ணை வைத்திருங்கள். கொக்கி போட்டுத் தூக்க வருகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், முன் பம்பர் போய்விடும்.