மாநிலங்களுக்கு எங்கே பலம்?

கேள்வி: அமெரிக்கா, ஜெர்மனி, இந்தியா மூன்றுமே கூட்டாட்சி நாடுகள் என்கிறார்கள். எங்கேதான் மாநிலங்களுக்கு உண்மையான பலம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மத்திய அரசின் சட்டத்தை மாநில அரசால் தடுக்க முடியுமா என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும். ஜெர்மனியின் மேலவையான பன்டஸ்ராட்டில் உட்காருவது மாநில முதல்வர்களும் அமைச்சர்களும்தான். மக்கள்தொகையைப் பொறுத்து ஒரு மாநிலத்துக்கு 3 முதல் 6 ஓட்டு, அத்தனையையும் ஒரே பக்கமாகப் போட வேண்டும். 2002 மார்ச்சில், அந்த அவையின் ஒப்புதல் தேவைப்பட்ட குடியேற்றச் சட்டத்துக்கு பிராண்டன்பர்க் மாநில அமைச்சர் ஒருவர் ‘ஆம்’ என்றார், இன்னொருவர் ‘இல்லை’ என்றார். அவைத் தலைவர் அதை ‘ஆம்’ என்றே கணக்கில் எடுத்துக்கொள்ள, டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்று சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் மக்கள்தொகையில் சின்ன வயோமிங்குக்கும் பெரிய கலிஃபோர்னியாவுக்கும் மேலவையான செனட்டில் தலா 2 இடம். ஆனால் 1913 திருத்தத்துக்குப் பிறகு செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதால் மாநில அரசுக்கு அங்கே பிடி இல்லை.

சரி, நம் மாநிலங்களவை? உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1. உறுப்பினர் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் 2003-ல் போய்விட்டது. அதைவிட என்னை உறுத்துவது, மாநிலங்களைப் பிரிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தரும் அரசியல் சாசனத்தின் 3-வது பிரிவு. ஆந்திரச் சட்டமன்றம் 2014 ஜனவரியில் நிராகரித்த பிரிவினை மசோதாவை, பிப்ரவரியிலேயே நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தெலங்கானா மக்களின் கோரிக்கை நியாயமானதுதான், ஆனால் சட்டமன்றத்திடம் கருத்து கேட்டால் போதும், ஒப்புதல் வேண்டாம் என்ற ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தைப் பிரிக்க அதன் சட்டமன்றம் சம்மதித்தே ஆக வேண்டும்.