பதாகையின் அடியில் ஒரு வரி

வணக்கம் ஐயா,

நான் பினாங்கில் ஒரு கல்லூரியில் கிராபிக் டிசைன் படிக்கிறேன். வீடு பட்டர்வர்த்தில். என் தாய்மாமா ஒரு கட்சியில் கிளைத் தலைவர். அடுத்த தேர்தலுக்கு இப்போதே தயாராக வேண்டுமாம், பதாகைகளை என்னையே செய்யச் சொல்லிவிட்டார். வேட்பாளராக வரப்போகிறவரின் படத்தைக் கொடுத்து, "ஆளைக் கொஞ்சம் வெளுப்பாக்கு, பின்னால் பெரிய கூட்டம் நிற்கிற மாதிரி போடு" என்கிறார். அவர் கொடுத்த செராமா (அரசியல் பிரச்சாரக் கூட்டம்) படத்தில் நாற்பது பேர்கூட இல்லை.

பரப்புரை உத்திகள் ஏழு என்று 1937-இல் அமெரிக்காவில் வகுத்த பட்டியலை வகுப்பில் படித்தோம். மாமா கேட்பதில் பாதி அதில் இருக்கிறது. நான் செய்யப்போவது வடிவமைப்பா, பொய்யா? அழகாகச் செய்யத் தெரிந்திருப்பதே தப்பு என்று தோன்றுகிறது. நீங்கள் ஒரு காலத்தில் அச்சகத்தில் வேலை செய்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். என் பெயர் வேண்டாம். மாமாவும் உங்களைப் படிப்பவர்.

ஒரு வாசகி, பட்டர்வர்த்

வணக்கம்மா,

மாமா படித்தாலும் பயப்படாதீர்கள். நாற்பது பேர் வந்த செராமா இந்த நாட்டில் ஒன்றா இரண்டா? தன்னைத்தான் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றாது.

முதலில் அந்தக் கூட்டத்தைப் பேசிவிடுவோம். மாமா கேட்பதைப் பெரிய பெரிய ஆட்களே செய்திருக்கிறார்கள். 1978-இல் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சிக்காக சாச்சி அண்ட் சாச்சி நிறுவனம் ஒரு சுவரொட்டி போட்டது. வேலையற்றோர் அலுவலக வாசலிலிருந்து பாம்பு மாதிரி வளைந்து போகும் நீண்ட வரிசை, மேலே 'லேபர் இஸின்ட் வொர்க்கிங்' என்று ஒரு வரி. லேபர் கட்சியின் ஆட்சி சரியில்லை, உழைக்கிறவனுக்கு வேலையும் இல்லை, இரண்டும் அந்த ஒரே வரியில். படம் எடுக்க நூறு பேரை எதிர்பார்த்தார்கள், வந்தவர்கள் ஏறக்குறைய இருபது பேர். அவர்களும் வேலையற்றவர்கள் அல்ல, லண்டனில் ஹெண்டன் பகுதியின் அதே கட்சி இளைஞர் அணிக்காரர்கள். அந்த இருபது பேரையே இடம் மாற்றி மாற்றி நிறுத்தி எடுத்து ஒட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு தாட்சர் பிரதமர்.

ஆகவே கூட்டத்தைப் பெருக்கினால் பலிக்காது என்று நான் சொன்னால் அது பொய். பலிக்கும். ஆனால் உங்கள் மாமாவுக்குப் பலிக்காது. அந்த நாற்பது பேரும் அதே தாமானில், ஒரே குடியிருப்பில்தான் இருக்கிறார்கள். கட்டம்போட்ட சட்டைக்காரர் மூன்று இடத்தில் நிற்பதை அவர் மனைவியே கண்டுபிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டுவிடுவார். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். நியாயம் பேசினால் கோபம் வரும், மானம் போகும் என்றால் உடனே புரியும்.

வெளுப்பாக்குவதற்கும் ஒரு பதில் இருக்கிறது. நம் வெயிலில் தொங்கும் பதாகையில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும். பிரச்சாரம் முடிவதற்குள் வேட்பாளர் தானாகவே வெளுத்து, நீலம் பாரித்துவிடுவார். நீங்கள் வேறு எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?

அந்த ஏழு உத்திகள் பட்டியல் தப்பில்லை. 'நானும் உங்களில் ஒருவன்' என்று காட்டிக்கொள்வதும் அதில் ஒன்று. ஆனால் அதை வைத்துக்கொண்டு தேடினால், கடையில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்கும் வேட்பாளர், தைப்பூசத்துக்கு ஜிப்பா போட்டுப் பத்துமலைக்கு வரும் தலைவர் என்று எல்லாருமே மாட்டுவார்கள். அதைப் பரீட்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அச்சகக் கதை. 1999 பொதுத்தேர்தலின்போது நான் செந்தூலில் ஒரு சின்ன ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கையாளாக இருந்தேன். அப்போது ஆண்ட தேசிய முன்னணியின் கொடி எங்களுக்குச் சுலபம். வெள்ளைத் துணி, ஒரே நீல மை, தராசு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டால் போதும். இஸ்லாமியக் கட்சியான பாஸின் கொடியும் அப்படித்தான், பச்சை மைக்கு நடுவே நிலா தானாக வெள்ளையாய் நிற்கும். ஜனநாயகச் செயல் கட்சியின் (டிஏபி) ராக்கெட்டுக்குத்தான் இரண்டு மை. நீல வட்டத்தை அடித்துக் காயவைத்து, அடுத்த அச்சுச் சட்டத்தில் சிவப்பு ராக்கெட். சட்டம் ஒரு நூல் நகர்ந்தாலும் ராக்கெட் கோணலாகிவிடும். "இது நிலாவுக்குப் போகாதுடா, கிள்ளானுக்குத்தான் போகும்" என்பார் முதலாளி. கொடிகள் எல்லாம் கடைக்குப் பின்னால் ஒரே கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் காயும்.

அந்த ஆண்டு கயிற்றில் புதிதாக ஒன்று சேர்ந்தது. கண். 1998 செப்டம்பர் 29 அன்று, பதவி நீக்கப்பட்டுக் கைதாகியிருந்த முன்னாள் துணைப்பிரதமர் அன்வார் இப்ராஹிம் நீதிமன்றத்துக்கு வந்தபோது ஒரு கண் கறுத்து வீங்கியிருந்தது. காவலில் இருந்தபோது அவரை அடித்ததைப் பிறகு போலீஸ் படைத் தலைவரே ஒப்புக்கொண்டார். அவருக்காக அடுத்த ஏப்ரலில் பிறந்த கெஅடிலான் கட்சி அந்தக் கண்ணையே சின்னமாக்கியது. அந்தக் கொடியை அடித்த முதல் நாள், எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் கடைப் பாட்டி துணியைத் தூக்கிப் பார்த்து, "இது அவரு கண்ணா?" என்று கேட்டார். எந்த வடிவமைப்பாளரும் அந்தக் கேள்வியை வரவழைக்க முடியாது. வரைந்தவர் பாதி வேலைதான் செய்தார், மீதியை அன்வாரை அடித்தவர் செய்து வைத்திருந்தார்.

பாட்டிக்கு அது உடனே பிடிபட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்துக் கட்டுடன் அவர் இருந்த படம் தமிழ்நாடு முழுக்கச் சுவரொட்டியானது. பரங்கிமலைத் தொகுதியில் மருத்துவமனையில் இருந்தபடியே ஜெயித்தார். அந்தப் படத்தைப் பார்த்து அழுத தலைமுறை நம் தோட்டங்களிலும் இருந்தது. காயம்பட்ட உடம்பு ஓட்டுக் கேட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2018 பொதுத்தேர்தலில் நடந்தது இன்னும் வேடிக்கை. பதாகையில் எந்தத் தலைவர் படம் இருக்கலாம் என்று விதி இருந்தது, அதன்படி எதிர்க்கட்சிக் கூட்டணியின் தலைவர் மகாதீர் படம் கூடாது என்றார்கள். ஜோகூரில் ஒரு பெரிய விளம்பரப் பலகையில் அவர் முகத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்தார்கள். அந்த ஓட்டையின் படம் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. முகம் இருந்திருந்தால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? இதற்கெல்லாம் மேலே, அவருடைய கூட்டணிக்குப் பதிவு கிடைக்காததால் தீபகற்பத்தில் அவர்கள் எல்லாரும் அந்தக் கண் சின்னத்தில்தான் நின்றார்கள். அன்வாரின் கண் கறுத்தபோது பிரதமராக இருந்தவர், இருபது ஆண்டு கழித்து அதே கண்ணின் கீழ் ஓட்டுக் கேட்டு மறுபடியும் பிரதமரானார். ஒரு சின்னம் தான் எங்கிருந்து வந்தது என்பதையே மறக்கும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அழகாகச் செய்யத் தெரிந்திருப்பது தப்பா என்று கேட்டீர்கள். அழகு அவ்வளவு தூரம் போகாது அம்மா. அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நான் உங்களிடம் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு இடங்களை. ஒன்று, தமிழ். கோலாலம்பூரில் நம்மவர்கள் கூடும் பிரிக்பீல்ட்ஸில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கட்சிகள் கட்டும் வாழ்த்துப் பதாகைகளைப் பாருங்கள். மலாய் வரியில் ஒரு எழுத்து பிசகியிருக்காது. தமிழில் 'பொங்கல்' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம் ஒன்று தொங்கும். கணினி சிதைத்ததை ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அங்கே தமிழ் எழுத்துகள் படிப்பதற்காக இல்லை, வாசலில் கட்டும் மாவிலைத் தோரணம் மாதிரி. 'உங்களையும் மறக்கவில்லை' என்று காட்டுகிறார்கள், மறந்துவிட்டார்கள் என்று அதே பதாகையே சொல்லிவிடுகிறது. அரசியல் பொய்களில் எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். மற்றவர்கள் இதைச் சின்ன விஷயம் என்பார்கள்.

இன்னொன்று, பதாகையின் கீழ் மூலையில் எறும்பு அளவில் ஒரு வரி. அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், முகவரி என்ன. 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றங்கள் சட்டப்படி அது இருந்தே ஆக வேண்டும். எங்கள் முதலாளி மை சரியாக விழாவிட்டாலும் பொறுப்பார், அந்த வரி விட்டுப்போனால் விடமாட்டார். "நாளைக்கு என்னைத் தேடி வரணுமில்ல, விலாசம் வேணாமா" என்பார். மேலே எவ்வளவு புளுகு இருந்தாலும், கீழே போய்க் கேட்க ஒரு கதவு இருக்கிறது.

2022 நவம்பர் 19 தேர்தலில் 18 வயதுக்காரர்கள் முதல்முறையாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தார்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல், பிரதமர் யார் என்று தெரியாமல் ஐந்து நாள் நாடே காத்திருந்தது. அந்த நாள்களில்தான் 1969 மே 13 இனக்கலவரத்தை நினைவூட்டி மிரட்டும் டிக்டாக் துண்டுகள் சுற்றின. போலீஸ் எச்சரிக்க வேண்டியிருந்தது. அவற்றில் அழகும் இல்லை, வடிவமைப்பும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் பேசுகிற மாதிரி ஒருவன் பேசுவான். கீழ் மூலையில் வரியும் இல்லை, விலாசமும் இல்லை. என் அக்கா மகன் அப்படி ஒன்றைக் காட்டி, "யாரோ ஒரு அண்ணன் சொல்றாரு மாமா" என்றான். அந்த 'யாரோ'வைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதலாளி இருந்திருந்தால் விலாசம் எங்கே என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

அதனால் மாமாவுக்குச் செய்து கொடுங்கள். நாற்பது பேரை நாற்பது பேராகவே போடுங்கள், கிட்டேயிருந்து, முகம் தெரிகிற மாதிரி. அவரவர் முகம் பதாகையில் இருப்பதைக் காட்ட அவர்களே இன்னும் நாலு பேரைக் கூட்டி வருவார்கள். தமிழை அச்சுக்குப் போகுமுன் அம்மாவிடம் உரக்கப் படிக்கக் கொடுங்கள். கீழ் வரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

அப்புறம், கூலியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், மாமா என்றாலும். 1999-இல் தோற்றுப்போன ஒரு வேட்பாளர் எங்களிடம் 600 கொடிகளுக்குச் சொல்லிவிட்டு எடுக்கவே வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடையில் மை துடைக்கத் துணி வாங்கவே இல்லை.